அம்மா ஏறிய ஆறு பட்டை வண்டி

எங்கள் கடைக்கு அந்த வேலை வந்தபோது கொச்சியில் மழை தொடங்க இன்னும் சில நாட்கள் இருந்தன. எறணாகுளத்தில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுக்கும் கடை அது. கம்ப்யூட்டரில் வரைவது என் வேலை. ஆள் வராத நாட்களில் ஏணியில் ஏறி ஒட்டுவதும் என் வேலைதான். ஐஸ்கிரீம் வண்டி, ஆம்புலன்ஸ், கட்சிக்காரர்களின் பிரச்சார ஜீப், கல்யாணக் கார் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. ஆனால் ஒரு டவுன் பஸ்ஸை முன்னிருந்து பின்வரை ஆறு வண்ணப் பட்டையில் சுற்றித் தரச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை.

கேட்டவர் நாலைந்து பஸ் வைத்து ஓட்டும் ஒரு முதலாளி. அவருடைய மகள் வெளிநாட்டில் படிக்கிறாள். அங்கே ஜூன் மாதமானால் பஸ்ஸும் ரயிலும் இந்தப் பட்டைகளோடு ஓடுமாம். ஆணை விரும்பும் ஆண்களும், பெண்ணை விரும்பும் பெண்களும், திருநங்கைகளும் இந்த ஊரின் பயணிகள்தான் என்று சொல்வதற்காக. நம் வண்டி ஒன்றிலாவது ஒட்டினால் என்ன என்று மகள் போனில் பிடிவாதம் பிடித்திருக்கிறாள். மகளிடம் அவருக்கு மறுபேச்சு கிடையாது. பட்டைக்குக் கீழே மலையாளத்தில் ஒரு வரி மட்டும் எழுதச் சொன்னார். எல்லோரும் ஏறலாம் என்று.

எங்கள் கடை முதலாளி படத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "மழவில்லுக்கு ஏழு கலரல்லே? ஒண்ணு காணலயே" என்றார்.

"இதுக்கு ஆறுதான் சார்."

"அதெங்ஙனெ நினக்குத் தெரியும்?"

"நெட்ல பாத்தேன்" என்றேன். பச்சைப் பொய். அந்த ஆறு வண்ணக் கொடி மடித்த நிலையில் எங்கள் அலமாரியில் பல வருடமாகக் கிடக்கிறது.

எங்கள் அலமாரி என்றால், திருப்பூணித்துறையில் நானும் அவளும் சேர்ந்து வாழும் வாடகை வீட்டின் அலமாரி. அவள் அந்த ஊர்க்காரி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். இரண்டு பெண்கள் மட்டுமா என்று என் கடையில் யாராவது கேட்டால் ரூம்மேட் என்பேன். அவள் கடையில் கேட்டால் அவளும் அதையே சொல்வாள். அம்மாவிடம் மட்டும் நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டேன். அம்மா அழவும் இல்லை, அடிக்கவும் இல்லை. "நீ வா, போ, தின்னு. எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த வீட்டுக்கு மட்டும் என்னக் கூப்பிடாத" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது.

அதனால் நான்தான் ஞாயிறுதோறும் அம்மா இருக்கும் மட்டாஞ்சேரிக்குப் போய் வருவேன். அவள் எங்கள் வீட்டிலேயே இருந்துவிடுவாள். அம்மா ஒரே ஒரு தடவை எங்கள் வாசல்படி ஏறி வரவேண்டும், எங்கள் அடுப்பில் வைத்த சாயாவை நொட்டை சொல்லிக்கொண்டே குடிக்கவேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டேன். கேட்டால் "வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். உள்ளே எனக்கு எப்படி இருக்கும் என்று கூட வாழும் அவளுக்குத் தெரியும்.

அம்மா தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தவள். கொச்சங்காடியில் ஒரு கிட்டங்கியில் சுக்கு தரம் பிரித்தே காலம் போனது. அப்பா போன பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. மலையாளம் சரளமாகப் பேசுவாள், சண்டையும் போடுவாள். படிக்க மட்டும் வராது. அதுதான் பஸ் ஏறும்போது தொல்லை. எங்கள் ஊர் டவுன் பஸ்கள் எல்லாம் ஒரே நிறம். போர்டைப் படிக்கத் தெரியாவிட்டால் பக்கத்தில் நிற்பவரைக் கேட்கவேண்டும். அம்மாவுக்கு யாரிடமும் எதையும் கேட்பது பிடிக்காது. அப்படியும் வியாழக்கிழமை தவறாமல் தேவராவில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய் வருவாள்.

பட்டை ஒட்டிய அன்று ஆள் வரவில்லை. நானே ஏணியில் ஏறினேன். சோப்புத் தண்ணீரைத் தெளித்து, ஸ்டிக்கரை விரித்து, ரப்பர் பட்டையால் இழுத்து இழுத்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடிப்பதற்குள் தோள் கழன்றுவிட்டது. வண்டியின் கண்டக்டர் கீழே நின்று கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். "சேச்சி, நாட்டுகார் நம்மள களியாக்குமோ?" என்று கேட்டார். கிண்டல் செய்தால் சேர்ந்து சிரித்துவிடுங்கள் என்றேன். வண்டி எந்த ரூட் என்று அப்போதுதான் கேட்டேன். தேவரா, மட்டாஞ்சேரி என்றார். எனக்கு ஏணியே ஆடுவது போல இருந்தது.

அந்த ஞாயிறு நான் மட்டாஞ்சேரியில் இறங்கியபோது சாயாக்கடையில் இதே பேச்சுதான். பெயின்ட் கம்பெனி விளம்பரம் என்றார் ஒருவர். ஓணத்துக்கு இத்தனை முன்பாகவா என்று ஜவுளிக்கடைத் தள்ளுபடியை நினைத்து இன்னொருவர் ஆச்சரியப்பட்டார். கால்பந்து பைத்தியங்கள் நாலு பேர், எந்த நாட்டு டீமுக்கு ஆறு கலர் என்று தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் புதுக் கொடி எதைப் பார்த்தாலும் முதலில் டீமைத்தான் தேடுவார்கள். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து வந்த ஒரு பையன் போனைப் பார்த்து விஷயத்தைச் சொன்னான். பிறகு ஒருவர் சாயாவை உறிஞ்சிவிட்டு, "எந்தாயாலும் வண்டி டைமுக்கு வருந்நுண்டு" என்றார். வண்டி நேரத்துக்கு வருவதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

காலேஜ் பிள்ளைகள் வண்டியோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மீன் விற்கும் பெண்கள், கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று இருக்கிறது என்றார்கள். ஒரு பெரியவர் மட்டும் அதில் ஏறுவதில்லை என்று சபதமே எடுத்தார். அடுத்த வண்டி வர நேரமாகும். இரண்டு நாள் வீம்பாக நின்று பார்த்தார். மூன்றாம் நாள் கொட்டுகிற மழையில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பட்டை வண்டியின் பின்னாலேயே ஓடி வந்து ஏறி, ஜன்னலோர சீட்டையும் பிடித்துக்கொண்டாராம். கண்டக்டர் இதை எனக்கு நடித்தே காட்டினார்.

அம்மாவுக்கோ அந்த வண்டி வரப்பிரசாதமாகிவிட்டது. "தூரத்துல வரும்போதே தெரியுது ஏட்டி. ஒருத்தன்ட்டயும் கேக்கண்டாம். தேவரா வண்டிக்கு இப்பதான் ஒருத்தன் புத்தியா அடையாளம் போட்டிருக்கான்" என்றாள். பட்டை என்பது ரூட்டின் அடையாளம் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எங்கே போய் முடியும் என்று தெரியும்.

அந்த நல்ல காலம் அதிக நாள் நீடிக்கவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தலைமையில் சிலர் பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்கத் தொடங்கினார்கள். சத்தம் போடவில்லை, கல் எறியவில்லை. ஏறப்போகிறவர்களிடம் மரியாதையாகப் பேசி, ஏறாதீர்கள் என்றார்கள். ஒரு வியாழக்கிழமை வெள்ளைச் சட்டைக்காரர் எங்கள் அம்மாவையே பிடித்துக்கொண்டார்.

"அம்மா, இதுல கேறண்டா. இது எந்தா சங்கதின்னு தெரியுமா? பெண்ணும் பெண்ணும் சேர்ந்து ஒரு வீட்டுல தாமசிக்கிற கூட்டரோட கொடியாக்கும்."

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாளாம். "இருக்கட்டு. அந்தக் கூட்டரு வண்டி தேவராவுக்குப் போவுமா, போவாதா?"

"போகும்..."

"பின்ன வழிய விடும் ஐயா, மழ நனைக்கிதுல்லா" என்று அவரை விலக்கிக்கொண்டு ஏறிவிட்டாள். வண்டியே சிரித்ததாம். கண்டக்டர் இதைச் சொன்னபோது அது என் அம்மா என்று அவருக்குத் தெரியாது; பேச்சை வைத்து நான்தான் கண்டுகொண்டேன். எனக்கு முதலில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம்தான் யோசித்தேன். அம்மாவுக்கு இப்போது பட்டையின் அர்த்தம் தெரியும்.

அந்த ஞாயிறு அம்மா மத்தி கழுவிக்கொண்டிருந்தாள். நான் தேங்காய் துருவினேன். வெகுநேரம் கழித்து, நிமிராமலே, "அந்த வண்டிக் கலருக்கு என்ன அர்த்தம்னு ஒரு ஆளு சொன்னாரு" என்றாள்.

"என்ன சொன்னாரு?"

"என்னத்தையோ சொன்னாரு." இன்னும் இரண்டு மீன் கழுவினாள். "ஒட்டுனது நீயாட்டி?"

"ஆமா."

அடுத்து என்ன வரப்போகிறது என்று துருவுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"பின்னாடி மூலையில குமிழ் குமிழா விட்டுருக்கு. ஒரு வேலயச் செஞ்சா ஒழுங்காச் செய்யக்கூடாதா?" என்றாள்.

அவ்வளவுதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் தேங்காய்ச் சிரட்டையையும் சேர்த்துத் துருவிவிட்டேன். நல்லதாக ஒரு வார்த்தை, இல்லை கெட்டதாக ஒரு வார்த்தை, இரண்டில் ஒன்றைச் சொல்லித் தொலைத்தால் என்ன? வீட்டுக்கு வந்து அவளிடம் பொரிந்து தள்ளினேன். அவள் கேட்டுவிட்டு, "குமிழ் காணணும்னா பக்கத்துல போயி பாத்திருக்கணும் இல்லே?" என்றாள். அவளுக்கு எப்போதும் இப்படி நல்ல பக்கமாகத்தான் தோன்றும். எனக்கு அது எரிச்சலாகவும் இருக்கும், அது இல்லாமல் முடியவும் முடியாது.

வெள்ளைச் சட்டைக்காரர்கள் கடைசியில் பஸ் முதலாளியின் அலுவலகத்துக்கே போனார்கள். முதலாளி மகளுக்கும் பயந்தார், அவர்களுக்கும் பயந்தார். பட்டையைக் கிழிக்கவும் இல்லை, மட்டாஞ்சேரியில் ஓட்டவும் இல்லை. அந்த வண்டியைத் தேவராவிலிருந்து திருப்பூணித்துறை போகும் ரூட்டுக்கு மாற்றிவிட்டார். ஒரு வியாழக்கிழமை மதியம் எங்கள் கடைக்கு வந்து, இன்று காலை முதல் மாற்றியாகிவிட்டது, கண்டக்டரும் வேறு ஆள், இனி ஒரு பிரச்சினையும் இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். மட்டாஞ்சேரியின் கண்ணில் படாமல் ஒளித்துவைக்க இது என்ன கள்ளச் சாராயமா என்று கேட்டுவிட்டேன். எங்கள் முதலாளி என்னை உள்ளே போகச் சொன்னார்.

உள்ளே போன பிறகுதான் அது வியாழக்கிழமை என்பது உறைத்தது. அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா போனைப் பைக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருப்பாள். அது அடித்து அடித்து ஓயும். அன்றும் ஓய்ந்தது.

நடந்தது இதுதான். காலையில் பட்டை வண்டி வராததால் அம்மா வேண்டாவெறுப்பாக நாலு பேரைக் கேட்டு வேறு வண்டியில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள். சாயங்காலம் தேவரா ஜங்ஷனில் நின்றபோது மழைக்குள்ளே தூரத்தில் ஆறு பட்டை தெரிந்திருக்கிறது. நம்ம வண்டி வந்துவிட்டது என்று ஏறிவிட்டாள். கண்டக்டரிடம் ஊர்ப் பெயர் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. வழக்கமான சில்லறையை நீட்டுவாள், வழக்கமான ஆள் டிக்கெட் கிழிப்பார். புது ஆள் நெரிசலில் அந்தக் காசுக்கு என்ன டிக்கெட் உண்டோ அதைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டு நகர்ந்துவிட்டார். அம்மா ஜன்னலில் சாய்ந்து நன்றாகத் தூங்கியிருக்கிறாள்.

கடையில் என் போன் அடித்தது. "ஏட்டி, இது எந்த ஊரு? ஒரு பெரிய கோயிலு தெரியுது" என்றாள் அம்மா. குரலில் பயம் இருந்தது. அம்மாவின் குரலில் அதை நான் அதிகம் கேட்டதில்லை. பக்கத்தில் யாரிடமாவது போனைக் கொடுக்கச் சொன்னேன். யாரோ ஒருவர், "திருப்பூணித்துற ஸ்டாண்ட்" என்றார்.

நான் அங்கே போய்ச் சேர வெகுநேரம் ஆகும். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவள் ஒருத்திதான். அவளுக்குப் போன் செய்து, "அம்மா உன் பஸ் ஸ்டாண்டுல நிக்குது" என்றேன். "எந்த அம்மா?" என்றாள். "எத்தனை அம்மா இருக்கு எனக்கு?" என்று கத்திவிட்டு மெட்ரோவுக்கு ஓடினேன்.

அந்த மெட்ரோ போல மெதுவாக எதுவும் போய் நான் பார்த்ததில்லை. அவள் அம்மாவைக் கண்டுபிடித்தாளா, அம்மா அவளோடு போக மறுத்தாளா, இல்லை வந்த பஸ்ஸிலேயே திரும்ப ஏறிப் போய்விட்டாளா என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒன்றைக் கற்பனை செய்தேன். போய்ப் பார்த்தால் அம்மா மருந்துக்கடைக்குள்ளே முக்காலியில் உட்கார்ந்து, தலையில் அவளுடைய துண்டைச் சுற்றிக்கொண்டு சாயா குடித்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் நின்று அம்மாவின் கண் சொட்டு மருந்தை வெளிச்சத்தில் பிடித்து, "இது டேட் கழிஞ்சதாக்கும் அம்மே, இனி ஊத்தாதீக" என்று என்னிடம் படித்த தென்காசித் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மா என்னைக் கண்டதும், "இவ மருந்துக்கடக்காரின்னு நீ சொல்லவே இல்லியே" என்றாள். நூறு தடவை சொல்லியிருக்கிறேன். சொன்ன போதெல்லாம் அம்மா அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவாள்.

மழை விடுவதாக இல்லை. அவள்தான் கேட்டாள். "வீட்டுக்குப் போவமா அம்மே? இங்ஙன பக்கத்துலதான். நனைஞ்சாச்சு, புடவ மாத்தணும்." அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். அம்மா நடுவில்.

எங்கள் வீட்டு கேட் முன்னால் இறக்கிவிட்டு ஆட்டோ போய்விட்டது. நான் கேட்டைத் திறந்து பிடித்தேன். அம்மா உள்ளே வரவில்லை. குடைக்குள் அப்படியே நின்றாள். சரி, முடிந்தது, இதற்கு மேல் வரமாட்டாள் என்று நினைத்தேன். வாசல் வரை வந்ததே பெரிது என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். தேறவில்லை.

"இங்க கட எதும் உண்டா?" என்றாள் அம்மா.

"என்ன வேணும் அம்மே? எல்லாம் வீட்டுல உண்டு" என்றாள் அவள்.

"ஒங்க வீட்டுல உள்ளத எடுத்து ஒங்களுக்கே தரவா? மொத மொத மக வீட்டுக்கு வாரவ கைய வீசிக்கிட்டு வருவாளா?"

நான் கேட்டைப் பிடித்தபடியே நின்றேன். அவள்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு முக்கில் இருந்த கடைக்குப் போனாள். வாழைப்பழம், சீனி, வெற்றிலை பாக்கு, கோயில் பக்கம் விற்கும் மல்லிகைப் பூ ஒரு முழம் எல்லாம் வாங்கி வந்தார்கள். தாம்பாளம் இல்லையே என்று அம்மா மறுபடி கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டாள். நான் உள்ளே ஓடிப்போய், நாங்கள் சோறு தின்னும் எவர்சில்வர் தட்டு ஒன்றைத் துடைத்து எடுத்துவந்து கேட்டுக்கு மேலாக நீட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலில் நின்று பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தது.

அம்மா மழையில் குடையை அவளிடம் கொடுத்துவிட்டுத் தட்டில் எல்லாவற்றையும் அடுக்கினாள். பழத்தின் காம்பு எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று யோசித்து ஒருமுறை மாற்றி வைத்தாள். பிறகு வலது காலை எடுத்து வைத்துப் படி ஏறி உள்ளே வந்தாள். கூடத்தில் நின்று தட்டை நீட்டினாள். கண்ணெல்லாம் எனக்கு மங்கலாக இருந்தது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனேன்.

அம்மா தட்டைச் சட்டென்று விலக்கிக்கொண்டாள்.

"ஒனக்கு இல்லட்டி. பொண்ணு வீட்டுச் சீர பொண்ணே வாங்குவாளா? அவ வாங்கட்டு."

அவள் குடையை மடக்கி மூலையில் சாய்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் வந்து, ஈரக் கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு, கடைச் சாமானை வாங்குவது போலத் தட்டை ஒரு கையால் வாங்கி, "தாங்க்ஸ் அம்மே" என்று சொல்லி அடுக்களைக்குக் கொண்டுபோய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். பழத்தைத் தனியாக, சீனியைத் தனியாகப் பிரிக்க அவள் கை வைத்தபோது அதைப் பிடித்து நிறுத்தி, எங்கள் தென்காசிப் பக்கத்தில் கல்யாணமான மகள் வீட்டுக்குத் தாய் முதல்முறை வரும்போது கொண்டு வருவதுதான் இது, இதை மருமகன் கையில்தான் கொடுப்பார்கள், வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார்கள் என்று சொன்னேன்.

அவள் கலைந்த வெற்றிலையைப் பழையபடி அடுக்கினாள். முகத்தைக் கழுவினாள், சுடிதாரின் ஷாலை ஒழுங்காகப் போட்டுக்கொண்டாள். தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய் அம்மாவின் முன்னால் நின்றாள்.

"அம்மே, எனக்குத் தெரியாம போச்சு. நான் செரியா வாங்கல. ஒரு தடவ கூடித் தருமா?"

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தட்டை வாங்கி மறுபடியும் அவளுக்குக் கொடுத்தாள்.